தெருமுனையில் நிற்கும் சிறுமி

மழை விடாத அந்த மலையில் திருமூர்த்தி வந்து இறங்கியபோது அவருடைய தோள்பைக்குள் ஒரு நாவல் இருந்தது. நாவலுக்குள் ஒரு சிறுமி இருந்தாள். அவளுக்கு எட்டு வயது. ஐந்து வருடங்களாக எட்டு வயது.

உடுமலைப்பேட்டையில் மருந்துக் கடை வைத்திருப்பவர் திருமூர்த்தி. மூத்த மகள் நறுமுகை ஓர் ஐப்பசிக் காய்ச்சலில் போனாள். பிறந்தநாளுக்கு வாங்கிய செருப்பு தேய்ந்திருக்கவில்லை. காரியம் முடிந்து உறவெல்லாம் கலைந்த பிறகு, கடையில் பில் போடும் மேசையில் உட்கார்ந்து அவர் எழுதத் தொடங்கினார். நரிகள் பேசும், மரங்கள் பாடும் ஒரு காட்டுக்குள் நறுமுகை வழிதவறிப் போகிறாள். பிறகு வீட்டை நோக்கித் திரும்பி வருகிறாள். குழந்தைகளுக்கான நாவல்.

அவள் வந்துகொண்டே இருந்தாள். தெருமுனைவரை வந்துவிடுவாள். பிள்ளையார் கோயில் தெரியும், எதிர்வீட்டு வேம்பு தெரியும். அங்கே ஓர் ஆறு குறுக்கிடும். ஆற்றைத் தாண்டினால் இன்னொரு காடு. நேற்றுவரை அங்கே இல்லாத காடு.

வீட்டுக்குள் வந்துவிட்டால் கதை முடிந்துபோகும். கதை முடிந்தால் அவள் எங்கே இருப்பாள் என்று திருமூர்த்திக்குத் தெரியவில்லை.

"ஒண்ணு, அவளை வீட்டுக்குள்ள கூட்டிட்டு வாங்க. இல்லீன்னா போக விடுங்க" என்றாள் மனைவி கோகிலா. "தெருமுனையிலயே நிக்க வெக்காதீங்க. நனையறா."

சொல்லும்போது அவள் அழவில்லை. இளையவள் செவ்வந்திக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். அக்கா போனபோது செவ்வந்திக்கு மூன்று வயது. இப்போது அவளுக்கும் எட்டு. அப்பா எழுதும்போது அந்த மேசைப் பக்கம் போகக் கூடாது என்பது அவளுக்குத் தெரியும். அதை யாரும் அவளுக்குச் சொல்லித் தந்ததில்லை.

அதற்கு மறுவாரம் திருமூர்த்தி கடையைப் பூட்டிவிட்டு மலை ஏறினார். நாவலை முடிக்கத் தெரிந்த ஒருவரை அவருக்குத் தெரியும். முகம் தெரியாது, புத்தகம் தெரியும்.

*

புத்தகத்தின் பெயர் 'ஆமை ஓட்டிய பஸ்'. ஓர் அணில்குஞ்சு பஸ் நிறுத்தத்தில் அம்மாவுக்காகக் காத்திருக்கிறது. அம்மா வரும் பஸ்ஸை ஓட்டுவது ஆமை. ஒவ்வோர் அத்தியாயத்திலும் பஸ் ஒரு புது வழியில் சுற்றிக்கொண்டு வருகிறது. கடைசியில் குஞ்சு, பசிக்கிறது என்று சொல்லி நிறுத்தத்திலிருந்து எழுந்து போய்விடுகிறது. பஸ் வந்ததா, அம்மா வந்தாளா, ஒன்றும் புத்தகத்தில் இல்லை.

எழுதியவர் ஜெயசீலி. அதற்குப் பிறகு அவர் எதுவும் எழுதவில்லை. தேயிலை எஸ்டேட் ஒன்றில், கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் தங்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் காப்பகத்தில் டீச்சராக இருந்தார்.

நரைத்த தலையும் தடித்த கண்ணாடியுமாக ஒருவரைத் திருமூர்த்தி மனத்தில் வரித்து வந்திருந்தார். தகரக் கூரைக்குக் கீழே ஒரு பிள்ளைக்கு மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்த பெண் அவரைவிட ஏழெட்டு வயது இளையவர். இருந்தாலும் திருமூர்த்தி செருப்பை வாசலில் விட்டுவிட்டுக் கைகூப்பினார்.

"கத்துக்க வந்திருக்கேனுங்க டீச்சர்."

"அந்தத் துண்டை எடுங்க" என்றார் டீச்சர்.

எடுத்துக் கொடுத்தார். அடுத்த பிள்ளையின் மூக்கு.

ஓரமாகப் பால் ஆற்றிக்கொண்டிருந்த ஆயா பேச்சியம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "டீச்சருக்குச் சிஷ்யப்பிள்ளை வந்திருக்காரு. என்ன, தலை மட்டும் கொஞ்சம் நரைச்சுப்போச்சு."

திருமூர்த்தி பொருட்படுத்தவில்லை. வழியெல்லாம் மனத்துக்குள் சொல்லிப் பார்த்த கேள்வியைக் கேட்டார்.

"ஆமை ஓட்டிய பஸ் எங்கிருந்துங்க டீச்சர் வந்துது?"

"டிப்போவுல இருந்து."

பேச்சியம்மாள் சிரித்ததில் பால் சிந்தியது.

"ஒரு பேட்டியில, உங்கப்பா பஸ் டிரைவர், அவரை நெனச்சு எழுதினேன்னு சொல்லியிருந்தீங்க."

"எங்கப்பா தையல்காரர்."

"இன்னொண்ணுல, கோயில் குளத்துல ஒரு ஆமையைப் பார்த்தேன்னு..."

"நான் ஆமையைப் படத்துலதான் பார்த்திருக்கேன்."

"அப்புறம் ஏனுங்க அப்படிச் சொன்னீங்க?"

"கேட்டவங்க தூரத்துல இருந்து வந்தாங்க. வெறுங்கையோட அனுப்ப மனசு வரலை."

"நானும் தூரத்துல இருந்துதானுங்க வந்திருக்கேன்."

"அதனாலதான் உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலை" என்றார் டீச்சர்.

*

காப்பகத்துக்குப் பின்னால், தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், ஆள் போய்விட்ட லைன் வீடு ஒன்றை அவருக்குத் திறந்துவிட்டார்கள். எஸ்டேட்டில் அப்படி வீடுகள் நிறைய இருந்தன. கூலி போதாமல் குடும்பங்கள் திருப்பூருக்கு இறங்கிக்கொண்டிருந்தன. சுவரில் யாரோ கரியால் வரைந்த பூனை ஒன்று இருந்தது. இரவெல்லாம் தகரத்தில் மழை பெய்தது.

காலையில் திருமூர்த்தி நாவலை டீச்சரிடம் கொடுத்தார். அவர் நடுவில் எங்கோ பிரித்து, நின்றபடி நாலைந்து பக்கம் படித்தார்.

"பொண்ணுக்கு என்ன வயசு?"

"எட்டுங்க."

"எந்தப் பக்கத்துல பல்லு விழுது?"

திருமூர்த்தி யோசித்தார். "பல்லு விழறதில்லைங்க."

"காட்டுக்குள்ள இத்தனை நாள் நடக்கிறா. கவுன் சின்னதாகலையா?"

"இல்லைங்க."

டீச்சர் நாவலை மூடி, மழைச்சாரல் படாத அலமாரியில், பிள்ளைகளின் மாற்றுத்துணிக்கு மேலே வைத்தார். நன்றாக இருக்கிறது என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை.

"எப்படி முடிக்கறதுன்னு சொல்லுங்க டீச்சர். அதுக்குத்தான் வந்தேன். உங்களுக்கு எங்கிருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சா, எனக்கும் வழி தெரியும்."

"தொட்டில் ஆட்டத் தெரியுமா?"

"தெரியுமுங்க."

"ஆட்டுங்க."

அவ்வளவுதான். பாடம் அதோடு முடிந்தது.

கூடத்தின் குறுக்கே ஓடிய இரும்புக் குழாயில் சேலைத் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றும் அந்தந்தப் பிள்ளையின் அம்மாவுடைய பழைய சேலை. வேறு சேலையில் போட்டால் பிள்ளை தூங்காது. அம்மாவின் வியர்வையும் கொழுந்து வாசமும் வேண்டும். திருமூர்த்தி நடுவில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து, இடக்கையால் ஒன்றும் வலக்கையால் ஒன்றுமாக ஆட்டினார். மதியம் பெண்கள் பால் கொடுக்க வந்தார்கள். இடுப்பில் சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாளிலிருந்து தண்ணீர் சொட்டியது. குளிரில் விறைத்த விரல்களைப் பிள்ளையின் மேல் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டார்கள். பேசாமல் பால் கொடுத்தார்கள். மறுபடியும் மேகத்துக்குள் ஏறிப் போனார்கள்.

நாட்கள் இப்படியே போயின. தினமும் ஒருமுறை திருமூர்த்தி கேட்பார். தினமும் டீச்சர் வேறு எதையாவது சொல்வார். ஒருநாள், "கஞ்சி அடிப்பிடிக்குது பாருங்க" என்றார். ஒருநாள், "மழைகிட்ட கேளுங்க" என்றார்.

"மழை என்னத்தச் சொல்லும்?" என்றாள் பேச்சியம்மாள். "அது பாட்டுக்குப் பேயும். சார், நீங்க கடையில மாத்திரை குடுத்தா இப்படித்தான் ஒரு கேள்விக்கு ஒம்பது நாளு நிக்க வெப்பீயளோ?"

"உடனே குடுத்துருவேனுங்க."

"அதான் அங்கே கூட்டம், இங்கே நீங்க ஒருத்தரு."

தொட்டில் ஆட்டும் கைக்கு யோசனை தேவையில்லை. அதனால் திருமூர்த்தியின் மனம் தெருமுனைக்குப் போய்விடும். நறுமுகை அங்கே நின்றுகொண்டிருப்பாள். வேம்பு தெரியும். கதவு திறந்திருப்பது தெரியும். இந்தமுறை விட்டுவிடலாம் என்று அவர் நினைப்பார். அவள் ஒரு காலை எடுத்து வைப்பாள். உடனே எங்கிருந்தோ தண்ணீர்ச் சத்தம் கேட்கும்.

*

அன்று மத்தியானத்துக்கு மேல் மேகம் கூடத்துக்குள்ளேயே வந்துவிட்டது. எதிர்ச்சுவர் தெரியவில்லை. திருமூர்த்திக்குப் புதிதாக ஓர் ஆறு தோன்றியிருந்தது. அதில் தண்ணீருக்குப் பதில் பனிமூட்டம் ஓடும். ஓடத்தில் ஏறினால் கரை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. நல்ல ஆறு. ஒரு வருடத்துக்குப் போதும். வலக்கை தொட்டிலை ஆட்டிக்கொண்டே இருந்தது.

"சார், கையை எடுங்க."

பேச்சியம்மாளின் குரல் எப்போதும்போல் இல்லை. அவர் கையை எடுத்தார். தொட்டில் தானாக இன்னும் இரண்டு வீச்சு போனது. அவள் ஓடிவந்து இரண்டு கைகளாலும் அதைப் பிடித்து நிறுத்தினாள்.

"வெறுந்தொட்டில ஆட்டுதீயளே. இதுல படுக்கிற பிள்ளைக்கு வயிறு நோவுமே. இது கூடவா தெரியாது?"

திருமூர்த்தி எட்டிப் பார்த்தார். சேலையின் அடியில் ஒன்றும் இல்லை. ஒரு சின்னப் பள்ளம் மட்டும் இருந்தது.

"தூங்குதுன்னு நெனச்சேனுங்க."

"அதோட அம்மை வந்து அப்பவே தூக்கிட்டுப் போயிட்டா. உங்க முன்னாடிதான் தூக்குனா."

"பார்க்கலைங்க."

"கண்ணு பார்க்கல, சரி. கைக்குப் பாரம் தெரியலையா?"

அவள் தொட்டிலைச் சுருட்டி முடிச்சுப்போட்டு, குழாயின் மேல் ஏற்றிவிட்டாள். பிறகு, கோபமாகப் பேசிவிட்டோமோ என்று நினைத்தவள்போல், "டீ போடவா சார்?" என்று கேட்டாள்.

திருமூர்த்தி தன் வலக்கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கதவோரம் நின்றிருந்த டீச்சர், "வெளியே வாங்க சார்" என்றார்.

*

சாரல் படாத இடமாகப் பார்த்து இருவரும் வாசல் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பேச்சியம்மாள் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒரு பேச்சும் பேசாமல் உள்ளே போனாள்.

"கேளுங்க" என்றார் டீச்சர்.

"எதைங்க?"

"தினமும் கேக்கறதை."

திருமூர்த்தி கேட்டார். "அந்த நாவல் எங்கிருந்து வந்துது டீச்சர்?"

டீச்சர் டம்ளரை இரண்டு கைகளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டார்.

"இங்க கௌசல்யான்னு ஒரு பிள்ளை இருந்தா. கௌசின்னு கூப்பிடுவோம். நாலு வயசு. ஒருநாள் அவ அம்மா மூணாம் நம்பர் தேயிலைக் காட்டுல கொழுந்து பறிச்சிட்டு இருக்கும்போது மேகம் இறங்கிருச்சு. யானை நிக்கிறது யாருக்கும் தெரியலை. அவ அம்மா போயிட்டா. அப்பன் ஏற்கெனவே எங்கேயோ போயிட்டான். பெரியம்மா ஊர்ல இருந்து வர்றவரைக்கும் பிள்ளை என்கிட்ட இருந்தா."

மேகத்துக்குள் எங்கோ பெண்கள் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"சாயங்காலம் எல்லாப் பிள்ளைகளையும் கூட்டிட்டுப் போனாங்க. இவ வாசல்ல நிக்கிறா. அம்மா எந்த வழியா வருவாங்க டீச்சர்னு கேட்டா. செத்துட்டாங்கன்னு சொல்லணும். வாயைத் திறந்தேன். ஆமைதான் வந்துச்சு."

"ஆமையா?"

"பஸ்ல வர்றாங்க, அதை ஒரு ஆமை ஓட்டுது, அதான் லேட்டுன்னு சொன்னேன். மறுநாளும் கேட்டா. பாலம் உடைஞ்சிருச்சு, வேற வழியா வருதுன்னேன். அடுத்த நாளு டயர் பஞ்சர். அதுக்கடுத்த நாளு ரோட்டுல ஒரு பாறை தூங்குது, எழுப்பினா அழும்னேன். ஒவ்வொரு நாளும் ஒரு வழி. பஸ்ஸைக் கிட்ட வரவிடவே இல்லை. வந்தா கதவைத் திறக்கணும். திறந்தா இறங்கறதுக்கு ஆள் வேணும்."

திருமூர்த்தி டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஒருநாள் நான் ரொம்ப அழகா ஒரு வழி யோசிச்சு வெச்சிருந்தேன். சொல்ல ஆரம்பிச்சேன். கௌசி என் முட்டியில தட்டினா. போதும் டீச்சர், அம்மா வரமாட்டாங்க, எனக்குப் பசிக்குதுன்னா. ரசம் சோறு ஊட்டினேன். ரெண்டு வாட்டி வாங்கிச் சாப்பிட்டா. அடுத்த வாரம் பெரியம்மா வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க. அப்புறம்தான் எழுதினேன். எழுதினது நான். முடிச்சது நான் இல்லை."

"முடிவு சட்டுனு நின்னுபோகுதுன்னு எல்லாரும் சொன்னாங்க" என்றார் திருமூர்த்தி. "நானும் அப்படி ஒரு லெட்டர் போட்டேனுங்க."

"வந்துது. எழுத்து நல்லா இருந்துச்சு."

திருமூர்த்தி சிரிக்க முயன்றார். முடியவில்லை.

"கௌசி இப்ப எங்கே இருக்கா டீச்சர்?"

"தெரியாது."

மழை வலுத்தது. எதிரே இருந்த தேயிலைச் சரிவு மறைந்துபோனது.

"நீங்க யாருக்குச் சொல்லிட்டு இருக்கீங்க சார்?"

"நறுமுகைக்குங்க."

"அவ எப்பப் போதும்னு சொல்வா?"

டீயில் ஆடை படிந்தது. உள்ளே ஒரு பிள்ளை சிணுங்கி, பேச்சியம்மாள் தட்டிக்கொடுத்து, மறுபடி அடங்கியது.

"வீட்டுல இன்னொரு பொண்ணு இருக்கான்னு சொன்னீங்க."

"செவ்வந்திங்க. அவ சின்னவ. இதெல்லாம் அவளுக்குப் புரியாது."

"படிச்சுக் காட்டியிருக்கீங்களா?"

"இல்லைங்க."

"அவ என்ன கேட்டா?"

"ஒண்ணும் கேக்கலைங்களே."

"ஒண்ணும் கேக்காமலா கடையைப் பூட்டிட்டு இவ்வளவு தூரம் ஏறி வந்தீங்க?"

திருமூர்த்தி கண்ணாடியைக் கழற்றினார். அதில் சாரல் படிந்திருந்தது. வேட்டி நுனியால் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சமையல்கட்டுக் கதவு நிலையில பென்சில்ல கோடு போட்டிருக்குமுங்க. நறுமுகையை நிக்க வெச்சு, ஒவ்வொரு பொறந்தநாளுக்கும் நான்தான் போடுவேன். செவ்வந்திக்கு நான் போட்டதில்லை. நான் இங்க கிளம்பறதுக்கு முந்தின நாள் அவளா தலைமேல ஸ்கேலை வெச்சுப் பார்த்திருக்கா. கடைக்குக் கிளம்பிட்டு இருக்கேன், ஓடி வந்தா. அக்காவோட கடைசிக் கோட்டைத் தாண்டிட்டேம்ப்பா அப்படின்னா."

"ம்."

"இனிமே அக்கா எனக்குத் தங்கச்சியான்னு கேட்டா."

டீச்சர் அவர் பக்கம் திரும்பினார்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"கடைக்கு நேரமாச்சுன்னு சொன்னேனுங்க."

தகரக் கூரையின் ஓரத்திலிருந்து விழுந்த தண்ணீர், வாசல் கல்லில் தோண்டியிருந்த குழியில் விழுந்துகொண்டே இருந்தது. டீச்சர் எழுந்து அவருடைய ஆறிப்போன டீயை அதில் கொட்டினார். டம்ளர்களைக் கழுவினார். உள்ளே போய் நாவலை எடுத்துவந்து, துணி ஒன்றில் சுற்றி அவரிடம் கொடுத்தார்.

"அதுக்கு என்ன பதில் சொல்றதுங்க டீச்சர்?"

"தெரியாது."

"நீங்களே தெரியாதுன்னு சொன்னா எப்படிங்க?"

"தெரிஞ்சா ஒரு வரியில சொல்லிட்டுப் போயிருக்கலாமே சார். ஆமையும் பஸ்ஸும் எதுக்கு?"

திருமூர்த்தி நாவலைப் பைக்குள் வைத்தார். இத்தனை நாள் தூக்கிச் சுமந்தது இதைத்தானா என்பதுபோல் பையை ஒருமுறை தூக்கிப் பார்த்தார். பிறகு செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார்.

"இப்பவே கிளம்பறேனுங்க. பொள்ளாச்சி பஸ்ஸைப் பிடிச்சா ராத்திரிக்குள்ள போயிருவேன். நாளைக்குக் கடையைத் திறக்கலை. அவ பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வாசல்ல நிக்கறேன்."

"எத்தனை மணிக்கு வருவா?" என்றார் டீச்சர்.

திருமூர்த்தி வாயைத் திறந்தார். படியில் ஒரு காலும் மழையில் ஒரு காலுமாக அப்படியே நின்றார். அவருக்குத் தெரியவில்லை.